உதிரத்தின் கணக்கு: அவசர மருத்துவ ஆய்வுகளில் பெண்ணுடல்

2010இலும் 2017இலும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு ஆய்வறிக்கைகள் வெளிவந்தன. இரண்டும் ஒரே மருந்தைப் பற்றியவை. இரண்டையும் ஒருங்கிணைத்தது லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஒரே குழு. இரண்டிலும் இருபதாயிரத்துச் சொச்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். முதலாவது, விபத்திலும் வன்முறையிலும் காயம்பட்டு ரத்தம் இழந்தவர்களைப் பற்றியது. அதன் பெயர் ‘க்ராஷ்-2’. இரண்டாவது, பிரசவத்துக்குப் பின் ரத்தம் இழந்த பெண்களைப் பற்றியது. அதன் பெயர் ‘வுமன்’. இரண்டுமே நீண்ட ஆங்கிலத் தலைப்புகளின் எழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர்கள்தாம். க்ராஷ்-2இல் சேர்ந்த 20,211 பேரில் நூற்றுக்கு 84 பேர் ஆண்கள். ஆனால் அதற்கு ‘ஆண்’ என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் மருத்துவர் அல்ல. பெண்ணெழுத்தையும் திறனாய்வையும் கல்லூரியில் கற்பிப்பவள். கதையையும் கவிதையையும் வாசிக்கும்போது, இதில் பேசுவது யார், பேசப்படுவது யார், பேசாமல் விடப்பட்டது எது என்று கேட்கப் பழகியிருக்கிறோம். மருத்துவ ஆய்வறிக்கையும் ஒரு பிரதிதான். நம் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள பிரதி. அதை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை என்ற எண்ணத்தில்தான் இந்த இரு அறிக்கைகளையும் அருகருகே வைத்து வாசித்தேன்.

மருந்தின் பெயர் டிரானெக்ஸாமிக் அமிலம். மாதவிடாயில் அளவுக்கு மீறி உதிரம் போகிறது என்று மருத்துவரிடம் சென்ற பெண்களில் பலர் இதை மாத்திரையாக விழுங்கியிருப்போம். காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவது உடலின் ஒரு வேலை. உறைந்ததைப் பிறகு கரைப்பது இன்னொரு வேலை. கரைக்கும் வேலையைச் செய்வது பிளாஸ்மின் என்ற நொதி. பெரும் ரத்தப்போக்கின்போது இந்தக் கரைப்பு மிகையாகிவிடுவதுண்டு. அப்போது உறைய உறையக் கரைந்து ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். டிரானெக்ஸாமிக் அமிலம் அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. விலை மலிவு. ஊசியாகப் போடப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும். 1918இல் பிறந்த உதாகோ, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வறிய ஜப்பானில் தன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஆய்வகத்தில் பொருள் இல்லை. ரத்தத்தை ஆராய்ந்தால், போதாதபோது தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் அந்தத் துறையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் முதுகில் கட்டிக்கொண்டு அவர் ஆய்வகத்தில் வேலை செய்தார். முதன்முதலாக ஆய்வு முடிவுகளைப் படிக்க மேடையேறியபோது, நடனம் ஆடப் போகிறீர்களா என்று அவையிலிருந்த ஆண்கள் கேலி பேசியதைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1962இல் டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றிய கட்டுரை வெளியானது.

ஒகமோட்டோ தம்பதி இந்த மருந்தைத் தேடியபோது அவர்கள் மனத்தில் முதன்மையாக இருந்தது, பிரசவத்துக்குப் பின் ரத்தம் போய் இறக்கும் பெண்கள்தாம். ஆனால் அந்தப் பெண்களுக்கு இதைக் கொடுத்துச் சோதிக்குமாறு மகப்பேறு மருத்துவர்களை அவர்களால் இணங்கவைக்க முடியவில்லை. மருந்து பல் பிடுங்கும் இடத்துக்குப் போனது, அறுவை அரங்குக்குப் போனது, மாதவிடாய் மாத்திரை ஆனது. எதற்காகப் பிறந்ததோ அந்தப் பேறுகால அறைக்கு, பெரிய அளவிலான சோதனையாக அது வந்து சேர 2010 ஆயிற்று. முடிவு வெளிவந்தது 2017 ஏப்ரலில். உதாகோ ஒகமோட்டோ அதற்கு ஓராண்டு முன்பு, 2016 ஏப்ரலில், தம் 98ஆம் வயதில் இறந்துபோயிருந்தார்.

1962க்கும் 2017க்கும் இடையே 55 ஆண்டுகள். இந்த மருந்தைப் பொறுத்தவரை அவசரம் என்பது நிமிடக் கணக்கு. ரத்தப்போக்கு தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். அதற்குள்ளும் ஒவ்வொரு பதினைந்து நிமிடத் தாமதத்துக்கும் பயனில் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது என்று, இவ்விரு ஆய்வுகளின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2018இல் காட்டியது. நிமிடங்களில் கணக்கிட வேண்டிய ஒன்றை அரை நூற்றாண்டு காத்திருக்க வைத்தது எது?

ஒரு பதில், பாதுகாப்பு. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் பெண்ணுடலில் ரத்தம் உறையும் போக்கு இயல்பாகவே கூடுதல். உறைவைக் காக்கும் மருந்தைக் கொடுத்தால் நுரையீரலிலோ மூளையிலோ அடைப்பு வருமோ என்ற அச்சம் நியாயமானது. நியாயமான அச்சத்தைத் தீர்க்க ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. ஆனால் இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் பெண்கள் விஷயத்தில் வேறு வழியைத் தேர்ந்தது. தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்த பேரவலம் 1961இல் வெளிப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு அது பாதுகாப்பானதா என்று முறையாகச் சோதிக்காமலேயே விற்றதால் நேர்ந்த அவலம் அது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட பாடமோ, பெண்களைச் சோதனைகளிலிருந்து விலக்கிவை என்பது. 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993இல்தான் அதை மாற்றிக்கொண்டது.

சோதனையிலிருந்து விலக்கப்பட்ட பெண் சிகிச்சையிலிருந்து விலகிவிடுவதில்லை. அவளும் நோயுறுகிறாள். அவளுக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். அந்த மருந்து பிறருடைய உடலில் அளந்த அளவில், அவள் உடலைப் பற்றிய சான்று இல்லாமல் கொடுக்கப்படுகிறது. அதாவது அவள் மீதும் சோதனை நடக்கத்தான் செய்கிறது. யாரும் குறித்துவைக்காத சோதனை, ஒப்புதல் கேட்கப்படாத சோதனை, முடிவு எவருக்கும் பயன்படாத சோதனை. வீட்டுக்குள் வைத்துக் காப்பதாகச் சொல்லும் ‘பாதுகாப்பு’ நமக்குப் புதிதா என்ன? அதன் மருத்துவ வடிவம் இது.

இனி வுமன் அறிக்கைக்குள் வருவோம். ஹலீமா ஷகூரும் இயன் ராபர்ட்ஸும் முன்னின்று நடத்திய இந்த ஆய்வில் 21 நாடுகளின் 193 மருத்துவமனைகளில் 20,060 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மருந்து. ரத்தப்போக்கால் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 1.5. பெறாதவர்களில் 1.9. மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களை மட்டும் எடுத்தால் 1.2க்கு 1.7. அஞ்சிய ரத்த அடைப்புகள் மருந்தால் கூடவில்லை. பிரசவ ரத்தப்போக்கு உலகில் ஆண்டுக்குச் சுமார் 70,000 பெண்களைக் கொல்கிறது என்ற கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், இந்தச் சிறிய தசம வேறுபாட்டின் எடை விளங்கும். அதே 2017இல் உலக சுகாதார நிறுவனம், பிரசவ ரத்தப்போக்குள்ள எல்லாப் பெண்களுக்கும் மூன்று மணி நேரத்துக்குள் இதைக் கொடுக்கப் பரிந்துரைத்தது.

இந்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஆய்வு தொடங்கும்போது முதன்மை முடிவாக வகுக்கப்பட்டது ‘இறப்பு அல்லது கருப்பை நீக்கம்’. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் பார்த்தால், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 5.3, பெறாதவர்களில் 5.5. ஏறத்தாழ வேறுபாடே இல்லை. இப்படிக் கூட்டுவதற்குப் புள்ளியியல் காரணம் உண்டு. அரிதாக நடப்பதைத் தனியாக எண்ணினால் பல்லாயிரம் பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு பெண்ணுக்கு இறப்பும் கருப்பை நீக்கமும் ஒரே கட்டத்தில் அடங்குபவையா? கருப்பை போன பிறகும் அவள் இருக்கிறாள், வீட்டுக்குப் போகிறாள், பெற்ற குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். சில குடும்பங்களில், இனிப் பிள்ளை பெற முடியாதவள் என்ற பேச்சையும் கேட்கிறாள். அந்த வாழ்வை இறப்போடு கூட்டி ஒரே எண்ணாக்கியதை நாம் கவனிக்காமல் கடக்க முடியாது.

ஆய்வாளர்களே இந்தக் கூட்டலில் இருந்த சிக்கலை உணர்ந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல மருத்துவமனைகளில் கருப்பையை எடுப்பது என்ற முடிவும் அந்தப் பெண்ணை ஆய்வில் சேர்ப்பது என்ற முடிவும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டிருந்தன. மருந்து வேலை செய்ய அவகாசமே இல்லை. எனவே ரத்தப்போக்கால் நேரும் இறப்பைத் தனியாகப் பார்க்கும் அளவுக்கு ஆய்வை 15,000 பேரிலிருந்து 20,000 பேராக விரிவாக்கினார்கள். நேர்மையான திருத்தம். ஆனாலும் அந்தத் திருத்தத்தின் வழியே கண்ணில் படும் உண்மை, புள்ளியியலுக்கு அப்பாற்பட்டது. வேறு வழிகளை முயன்று பார்க்கும் முன்பே, அல்லது முயல வசதியே இல்லாததால், பல இடங்களில் கருப்பை எடுக்கப்படுகிறது. எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கை எண்ணுகிறது. அவர்களிடம் யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்பது எண்ணப்படவில்லை.

இப்போது பெயருக்குத் திரும்பலாம். பெண் என்றால் பிரசவம், பிரசவம் என்றால் பெண் என்ற சமன்பாடு ‘வுமன்’ என்ற பெயரில் இருக்கிறது. பிரசவ அறைக்கு வெளியே அடிபட்டு விழும் பெண் எந்தப் பெயரில் எண்ணப்படுகிறாள்? க்ராஷ்-2இல் ஆண்கள் மிகுந்திருந்ததில் தவறு காண முடியாது. சாலையிலும் சண்டையிலும் அடிபடுபவர்களில் ஆண்களே அதிகம். மருந்தின் பயன் ஆண் பெண் இருவருக்கும் ஒன்றே என்றும் பிந்தைய பகுப்பாய்வு காட்டிவிட்டது. பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளின் காயப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது. காயமடைந்த ஆண்களில் நூற்றுக்கு 16.8 பேருக்கு இந்த மருந்து கிடைத்திருந்தது. பெண்களில் 7.3 பேருக்கு மட்டும்.

காயத்தின் தன்மை வேறு, வயது வேறு என்று சொல்லலாம். பதிவேட்டில் உள்ள பெண்களில் பலர் வீட்டுக்குள் தவறி விழுந்த முதியவர்கள். ஆனால் ரத்தப்போக்கால் இறக்கும் அபாயம் ஒத்திருந்தவர்களை ஒப்பிட்டபோதும் இடைவெளி மறையவில்லை. சான்று இருந்தது, மருந்து இருந்தது, பணம் தடையாக இல்லாத பொது மருத்துவ அமைப்பும் இருந்தது. கொடுப்பவரின் மனத்தில் ‘ரத்தம் இழக்கும் நோயாளி’ என்ற சித்திரம் மோட்டார் சைக்கிளில் அடிபட்ட இளைஞனாக உறைந்திருக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்த எழுபது வயதுப் பாட்டி அந்தச் சித்திரத்தில் இல்லை. ஆய்வில் பெண்களைச் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அடுத்தது ஒப்புதல். இங்கே நம் பெண்ணிய இயக்கங்களுக்கு ஒரு நினைவு இருக்கிறது. 1980களில் ‘நெட்-என்’ என்ற கருத்தடை ஊசியை, அதன் விளைவுகளை எடுத்துச் சொல்லாமல் பெண்களிடம் சோதித்ததை எதிர்த்து ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனாவும் பிற பெண்கள் அமைப்புகளும் 1986இல் உச்ச நீதிமன்றம் சென்றன. 2009இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி போட்ட ஆய்வில், கம்மம் மாவட்ட விடுதிப் பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த ஆய்வு 2010இல் நிறுத்தப்பட்டது. இந்த வரலாற்றால், ‘எங்கள் உடலில் சோதிக்காதே’ என்று சொல்ல நாம் நன்றாகக் கற்றிருக்கிறோம். ‘எங்களுக்காக ஏன் சோதிக்கவில்லை’ என்று கேட்க இன்னும் பழகவில்லை. இரண்டும் ஒரே உரிமையின் இரண்டு கைகள் என்பது என் வாதம்.

அவசர சிகிச்சையில் இந்த இரண்டு கைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணிடம் நான்கு பக்கத் தாளை நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்திடு என்று சொல்வது கொடுமை. வுமன் ஆய்வில், பேசும் நிலையில் இருந்த பெண்களிடம் ஒப்புதல் கேட்கப்பட்டது. இல்லையென்றால் உறவினரிடம் கேட்கப்பட்டது. இருவரும் இயலாதபோது, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு தெரிவிக்கப்பட்டது. இதே இயன் ராபர்ட்ஸ் 2011இல் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். தலைக்காய நோயாளிகளைப் பற்றிய பழைய ஆய்வொன்றில், உறவினரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்த மருத்துவமனைகளில் சிகிச்சை ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமானது. அதை அவர் ஒப்புதல் ‘சடங்கு’ என்றே அழைத்தார். பதினைந்து நிமிடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். கையெழுத்துக்குக் காத்திருப்பதும் உயிரைத் தின்னும்.

சடங்கு என்ற சொல்லை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சடங்கைச் செய்யும் ‘உறவினர்’ யார் என்ற கேள்வியை அவர் விட்ட இடத்திலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டும். நம் ஊரில் உறவினர் என்றால் கணவன், இல்லையென்றால் மாமியார். நினைவோடு, தெளிவோடு படுத்திருக்கும் வயதுவந்த பெண்ணின் அறுவைக்கே கணவனின் கையெழுத்தைத் தேடும் வழக்கம் இங்கே உண்டு. சட்டம் அதைக் கேட்கவில்லை. 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த அவருடைய தாயின் சம்மதத்தோடு மருத்துவர் அகற்றியிருந்தார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். அவசரம் இல்லாத இடத்தில் பெண்ணுக்குப் பதிலாக இன்னொருவர் பேசக் கூடாது என்பது இப்போது சட்டம். அவசரம் உள்ள இடத்தில் அவளுக்காகப் பேச வேண்டியது யார்?

அவளே பேசலாம், முன்கூட்டியே. விபத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிரசவம் அப்படியல்ல. மாதாமாதம் பரிசோதனைக்கு வருகிறாள், வரிசையில் நிற்கிறாள், எடை பார்க்கிறாள். ஏழாம் மாதத்தில் அவளை உட்காரவைத்து, ‘உனக்கு ரத்தப்போக்கு வந்தால் இன்ன செய்வோம், இன்ன ஆய்வு நடக்கிறது, உனக்கு விருப்பமா, உனக்காக முடிவெடுக்க யாரைச் சொல்கிறாய்’ என்று கேட்க முடியும். அவள் தாயையோ தோழியையோ சொல்லலாம், கணவனையே சொல்லலாம். சொல்வது அவளாக இருக்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கு ஊழியரும் நேரமும் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். நெறிமுறைக் குழுவில் பிள்ளை பெற்ற சாதாரணப் பெண்களும் உட்கார வேண்டும் என்பதும் இதில் சேர்ந்தது.

மருந்தொன்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற மயக்கமும் வேண்டாம். அதே குழு, ரத்தசோகை மிகுந்த பெண்களுக்குப் பிரசவம் ஆனவுடனே, ரத்தப்போக்கு வருமுன்பே இம்மருந்தைக் கொடுத்தால் தடுக்க முடியுமா என்று பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, ஜாம்பியா நாடுகளில் 15,068 பெண்களிடம் சோதித்தது. 2023இல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 7.0, பெறாதவர்களில் 6.6. தடுக்கவில்லை. ரத்தசோகையுள்ள பெண்ணுக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவு இழப்பே ஆபத்தாகிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு. எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் வழக்கத்துக்கு ஊசியில் மருந்தில்லை.

அதே 2023இல் வந்த இன்னோர் ஆய்வைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ‘இ-மோட்டிவ்’ என்ற அந்த ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்தது. அதன் மையத்தில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பிள்ளை பெற்ற பெண்ணின் அடியில் விரிப்பது. வழியும் ரத்தம் சேரும் பையில் அளவுக்கோடுகள் இருக்கும். கோட்டைத் தொட்டதும் செவிலியர் கருப்பையைப் பிசைந்துவிடுவது, சுருங்கவைக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காயப் பரிசோதனை ஆகிய அனைத்தையும் ஒன்றாகத் தொடங்குவார். முன்பெல்லாம் கண்ணால் பார்த்து மதிப்பிட்டபோது பாதி ரத்தப்போக்கு கண்ணில் படாமலே போனது. கோடு போட்ட விரிப்பு வந்தபின் நூற்றுக்கு 93 கண்டறியப்பட்டன. கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் இறப்பு ஆகியவை சேர்ந்து நூற்றுக்கு 4.3 என்பது 1.6 ஆகக் குறைந்தது.

புதிய மருந்து எதுவும் இல்லை. பெண்ணின் ரத்தத்தை அளந்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைப்பேறு என்றால் ரத்தம் போகத்தானே செய்யும் என்ற பேச்சை நம் வீடுகளில் கேட்டிருக்கிறோம். உலகின் பிரசவ அறைகளும் அதையேதான் நம்பி வந்தன. விபத்தில் அடிபட்டவரின் ரத்தம் இழப்பாகத் தெரிகிறது. பிரசவத்தில் போகும் ரத்தம் இயல்பாகத் தெரிகிறது. இயல்பு என்று நம்பிய எதையும் யாரும் அளப்பதில்லை.

ஒன்றை நாம் மறக்கக் கூடாது. க்ராஷ்-2இல் மிக அதிகம் பேர் சேர்க்கப்பட்ட நாடு இந்தியா. வுமன் ஆய்வின் 21 நாடுகளில் இந்தியா இல்லை. பாகிஸ்தானும் நேபாளமும் வங்கதேசமும் இருந்தன. இன்று ஓர் இந்தியப் பெண்ணுக்குப் பிரசவ மேசையில் இந்த ஊசி போடப்படும்போது, அது பாகிஸ்தானிலும் நைஜீரியாவிலும் ரத்தம் வழியக் கிடந்த பெண்கள் தந்த சான்றின் பேரில் போடப்படுகிறது. அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு வெற்று மருந்துதான் கிடைத்தது. அவர்கள் பெயர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. அந்தக் கடனை நாம் அடைக்க வழி ஒன்றுதான்: ஆய்வுக்கு உள்ளே போகவும், போகும்போது நம் வாயாலேயே சரி என்றோ முடியாது என்றோ சொல்லவும், வெளியே வந்தபின் கணக்கைக் கேட்டு வாங்கவும் பழகுவது.